பாலக்கரையில் போடப்பட்ட ஓர் அமெரிக்க ஓட்டு

என் தந்தையின் தங்கை லூர்துராணி பிறந்தது 1953 மார்ச் 19. ஞானஸ்நானப் பதிவேட்டில் 22 என்றிருக்கிறது. அது தண்ணீர் ஊற்றிய நாள். எங்கள் குடும்பப் பதிவுகளில் நான் திருத்திய முதல் பிழை அதுதான்.

அத்தை பாலக்கரைப் பள்ளி ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து 2011இல் ஓய்வு பெற்றார். கணவர் அருள்நாதன் இறந்த மறு ஆண்டு, மகன் ஆசீரிடம் அமெரிக்கா சென்றார். 2018இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். குளிர் முழங்காலைப் பிடித்துக்கொண்டதால் 2023இல் பாலக்கரைக்கே திரும்பிவிட்டார். மகள் டெல்பின் புத்தூரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸ்.

குடியுரிமை மாறியதோடு அவருடைய இந்திய ஓட்டு போய்விட்டது. 2024 ஏப்ரலில் தெருவே விரலில் மையுடன் திரும்பியபோது அத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். ஆகவே, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஓட்டுச்சீட்டு அக்டோபர் முதல் வாரத்தில் தபாலில் வந்தபோது, அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஓட்டு அதுவாக இருந்தது. அதைத் தாமே போட வேண்டும். யாருக்குப் போட்டார் என்று எவருக்கும் தெரியக் கூடாது. இந்த இரண்டிலும் அவர் அணுவளவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. 1989 சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போன ஆசிரியர்களின் தபால் ஓட்டுகளைச் சக ஆசிரியர் ஒருவர், “நான் மொத்தமா சேர்த்துடறேன் டீச்சர்” என்று வாங்கிக்கொண்டார். உறையை ஒட்டாமல் கொடுத்தது அத்தையின் தவறு. முடிவுகள் வந்த வாரத்தில் அந்த மனிதர் எல்லோர் முன்னிலையிலும், “நம்ம டீச்சர் மட்டும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க” என்றாராம். இரண்டாவது நிகழ்ச்சி 2020இல், ஆசீரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். “இங்க கறுப்படிங்கம்மா, இங்க கையெழுத்து” என்று மகன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் அவர் பேனாவை வைத்தார். தாம் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதே அத்தைக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து டெல்பின் வந்திருந்தாள், நானும் இருந்தேன். ஆசீர் போனில் முகம் காட்டினான்.

“அம்மா, நாம வரிசையில நின்னு, பேப்பர் பேப்பரா குடுத்து உள்ள போனவங்க. வேலி தாண்டி வர்றவனுக்கு என் வரிப்பணமா? அதுவும் இல்லாம, கருவைக் கலைக்கலாம்னு சொல்ற கட்சிக்கு நீங்க போடுவீங்களா?”

“அண்ணே, நிறுத்து” என்றாள் டெல்பின். “கருவைக் கலைக்கிறது பாவம்னு எனக்கும் தெரியும். வயித்துக்குள்ளேயே குழந்தை செத்துப்போயி, ஜன்னி கண்டு வந்த பொண்ணை நான் மடியில தாங்கியிருக்கேன். சட்டத்தைப் பாத்துப் பயந்து டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு நின்னா அவ என்ன ஆவா? உன் ஆளு வந்து பாப்பாரா?”

“உனக்கு அங்க ஓட்டே கிடையாது. உனக்கென்ன பேச்சு?”

“உனக்கு ஒரு ஓட்டுதானே? ரெண்டாவதுக்கு ஏன் ஆலாப் பறக்கற?”

அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சீட்டை முன்னும் பின்னும் திருப்பினார். “அவ்வளவு பெரிய நாட்டுல இந்த ரெண்டு பேரை விட்டா ஆளே இல்லையா? நோட்டா எங்கடா?”

“நோட்டா எல்லாம் இல்லம்மா. கீழ ஒரு கோடு இருக்கும், யார் பேரை வேணா எழுதலாம்.”

“எழுதச் சொல்லுவ. அப்புறம் கையெழுத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கவா?”

ஆசீர் சிரித்தான். “சரி, போட்டுட்டு ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புங்க, இமெயில்ல ஏத்திடறேன். ரகசியம் வேணாம்னு ஒரு கையெழுத்து மட்டும் போடணும்.”

அத்தை என்னைப் பார்த்தார். “கேட்டியா? எழுதி வெச்சுக்கோ. ரகசியம் வேணாமாம்.” போனை அணைத்துவிட்டார். அவன் சொன்னது அமெரிக்காவில் அவர்கள் இருந்த மாநிலத்தின் விதிதான் என்று நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவர் நம்பவில்லை.

அன்று மாலை, டெல்பினைச் சமையலறையிலும் என்னைத் தெருவைப் பார்த்து வாசலிலும் உட்கார வைத்துவிட்டு, பழைய மிக்ஸி அட்டைப்பெட்டியை மேசைமேல் நிறுத்தி மறைப்பு கட்டிக்கொண்டு அவர் ஓட்டுப் போட்டார். உறைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒட்டி, வெளியுறையில் கையெழுத்திட்டார்.

தலைமைத் தபால் நிலையத்தில் ஆசீரோடு படித்தவர் ஒருவர் வேலை பார்க்கிறார் என்பதால் அதைத் தவிர்த்து, மறுநாள் சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். தபால் நிலையக் கவுண்ட்டரில் பீமராவ் என்ற பெயரட்டை குத்தியிருந்த ஊழியர், “உள்ள என்ன இருக்கும்மா?” என்றார்.

“ஏன் கேக்கறீங்க?”

“வெளிநாட்டுக்குப் போறது. படிவத்துல போடணும்.”

“காகிதம்னு போடுங்க.”

“என்ன காகிதம்?”

“உங்களை யாராவது கேக்கச் சொன்னாங்களா?”

பீமராவ் பரிதாபமாக என்னைப் பார்த்தார். ‘டாக்குமெண்ட்’ என்று எழுதுவதற்குள் பின்வரிசையில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ரசீதைக்கூட அத்தை என்னிடம் கொடுக்கவில்லை.

அக்டோபர் 21 அன்று ஆசீர் அழைத்தான். “அம்மா, தேர்தல் ஆபீஸ்ல இருந்து இமெயில். உறையில இருக்கிற கையெழுத்து அவங்ககிட்ட இருக்கிறதோட ஒத்துப்போகலையாம். ஒரு படிவம் அனுப்பியிருக்காங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பலேன்னா ஓட்டு செல்லாது.”

“என் இமெயிலை நீ எப்படிடா படிக்கற?”

“நான்தானேம்மா ஆரம்பிச்சுக் குடுத்தேன்.”

“அப்போ அந்த லெட்டரையும் நீயே ஆரம்பிச்சிருப்ப.”

என்ன நடந்தது என்பது எனக்கு உடனே விளங்கியது. அமெரிக்கக் காகிதங்களில் எல்லாம் மகன் சொன்னபடி ஆங்கிலத்தில் கையெழுத்திட்டவர், தாமாக ஓட்டுப் போட்ட அன்று, முப்பத்தைந்து ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் இட்டது போலத் தமிழில் ‘அ. லூர்துராணி’ என்று எழுதியிருக்கிறார். கேட்டதும், “ஆமா” என்றார். ஆனாலும் மகனை நம்பத் துணியவில்லை. நம்பினால் மறுபடியும் ஏமாறலாம். நம்பாவிட்டால் ஓட்டே போகலாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று டெல்பின் சொன்னாள்.

மூன்றாம் நாள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தேர்தல் பணிக்குப் போன காலத்தில் சாவடியில் இரு கட்சி ஏஜெண்டுகளையும் எதிரே வைத்துக்கொண்டுதான் பெட்டிக்குச் சீல் வைப்போம் என்றார். டெல்பினைப் புத்தூரிலிருந்து வரவழைத்தார். அவள் தன் போனில் அத்தையின் கணக்கில் நுழைந்து அந்த இமெயிலைத் திறந்து படிவத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னாள், அத்தை குறித்துக்கொண்டார். பிறகு அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு ஆசீரை அழைத்து அதையே சொல்லச் சொன்னார்.

“அம்மா, இங்க விடியல. ஆபீஸ் போகணும்.”

“நாலாவது வரியைத் திரும்பச் சொல்லு.”

இருவரும் சொன்னது ஒத்துப்போனது. யாருக்கு ஓட்டு என்ற கேள்வி படிவத்தில் எங்கேயும் இல்லை என்பதை மூன்றாம் முறையாக என்னிடம் உறுதி செய்துகொண்டு, ஆங்கிலத்தில் கையெழுத்திட்டார். டெல்பின் அனுப்பினாள். அனுப்பி முடித்ததும் இமெயிலின் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். புதியதைத் தட்டும்போது டெல்பினையும் திரும்பி நிற்கச் சொன்னார்.

அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை, ஓட்டு ஏற்கப்பட்டதாகத் தகவல் வந்தது. செய்தியை அவரே எழுத்துக்கூட்டுவது போல மெல்லப் படித்தார். ஆசீர் போனில், “இப்பவாவது சொல்லுங்கம்மா, என் ஆளுக்குத்தானே?” என்றான். “ஏன், எனக்கு மட்டும் ஆளே இல்லையா?” என்றாள் டெல்பின். அத்தை போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார்.

குடும்பப் பதிவில் சேர்ப்பதற்காக நானும் கேட்டேன். அவர் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “அன்னிக்கு வாசல்ல உக்காந்திருந்தியே, ஜன்னல் கண்ணாடியில எதுவும் தெரியலையே?”

“தெரியல அத்தை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்போ ஓட்டுப் போட்டாச்சுன்னு மட்டும் எழுதிக்கோ. எழுதினதை என்கிட்ட காட்டிட்டுப் போ.”

காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.