நான் தபாலில் சேர்த்த கடிதம்

2007ஆம் ஆண்டு கடைசியில் நடந்தது இது. பதுளை நகரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சிறிய தனியார் கல்வி நிறுவனம் ஒன்று இருந்தது. பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கு அங்கே கணினிப் பாடங்கள் நடந்தன. கைத்தொலைபேசியில் இயங்கும் மென்பொருள் எழுதுவது எப்படி என்ற பாடத்தை நான் படிப்பித்தேன். கணவரின் இடமாற்றத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்து எனக்கு ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மகளுக்குப் பத்து மாதம்.

அப்போது எங்களிடம் இருந்ததெல்லாம் பொத்தான் போன்தான். அதன் சின்னத் திரையில் நாலைந்து வரி தெரிந்தால் பெரிது. பதினெட்டு மாணவர்களுக்கு ஏழு கணினி. கணினித் திரைக்குள்ளேயே ஒரு போன் படம் தெரியும். எழுதியதை முதலில் அதில் ஓடவிட்டுப் பார்த்து, பிறகுதான் உண்மையான போனில் ஏற்றுவோம்.

நான் பயந்த சுபாவம். கைக்குழந்தைக்காரி பாடத்தைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். புள்ளித் திட்டமும் நான் போட்டதுதான். பாதிப் புள்ளி மென்பொருள் ஒழுங்காக ஓடுவதற்கு. மற்றப் பாதி, அது யாருக்காவது உண்மையில் தேவையா என்பதற்கு. இரண்டில் ஒன்றில் தவறினாலும் சித்தியில்லை. ஒரு வரி எழுத முன்னரே அதைப் பாவிக்கப்போகிற ஆளிடம் போய்க் கேளுங்கள், உங்கள் மண்டைக்குள் இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே சொன்னேன். சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

வகுப்பில் ஒரு பிள்ளை லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தாள். தாயும் தகப்பனும் கொழுந்துத் தொழிலாளிகள். அவளிடம் சொந்தப் போன் இல்லை. இடைவேளையில் பக்கத்துத் தோழியின் போனை வாங்கித்தான் தன் வேலையைச் சோதித்துப் பார்ப்பாள். பற்றரி தீர்ந்துவிடும் என்று தோழி சிணுங்குவாள். “உன் பற்றரிக்கு மாலை போட்டுக் கும்பிடுறேன்டி, அஞ்சு நிமிசம் குடு” என்று இவள் கையை நீட்டுவாள். வகுப்பிலேயே சுத்தமாக எழுதுகிற கை அவளுடையது. அதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவரைப் புகழ்ந்தால் மற்றவர்கள் பாரபட்சம் என்பார்களே என்று நினைத்தேன்.

செய்து முடித்ததை ஒவ்வொருவரும் முன்னால் வந்து விளக்க வேண்டிய நாள், மகளுக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். போன் அடித்தால் கேட்க வேண்டும் என்று அதை மேசையிலேயே வைத்திருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று மாணவர்களிடமும் சொன்னேன்.

அந்தப் பிள்ளையின் முறை வந்தது. அவள் செய்த மென்பொருளில், தோட்ட ஆபீசுக்குக் கடிதம் வந்ததும் அங்குள்ளவர் தன் போனில் பெயரைத் தட்டினால், அந்த ஆள் குடியிருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், போன் வைத்திருக்கும் ஒருவருக்குத் தகவல் போகும். இன்னாருக்குக் கடிதம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். தடங்கல் இல்லாமல் ஓடியது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

“கடிதம் வந்தால் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்தானே. இதுக்கு ஏன் ஒரு போன்?” என்று கேட்டேன்.

பின்வரிசையில் நகரத்துப் பெடியன் ஒருவன், பாவம் தபால்காரருக்கு வேலை போகப்போகுது என்றான். சிரிப்பு எழுந்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“இல்லங்க மிஸ், எங்களுக்கு...” என்று அவள் தொடங்கினாள்.

“சரி, காணும். அடுத்த ஆள்” என்றேன்.

அவளுடைய தாளில் ‘நடைமுறைத் தேவை இல்லை’ என்று எழுதினேன். ஓடிய பகுதிக்கு முழுப் புள்ளி. தேவைக்கு மிகக் குறைவு. விதிப்படி சித்தியில்லை.

தவறிய மூவருக்கு டிசம்பர் நடுவில் இன்னொரு தடவை விளக்கச் சந்தர்ப்பம் இருந்தது. நாள் குறித்ததும் கடிதம் வரும் என்று நிறுவனத்தில் சொல்லி அனுப்பினார்கள். அந்த மூன்று கடிதங்களையும் ஆங்கிலத்தில் அடித்து, கையெழுத்து வைத்து, பதுளைத் தபாற்கந்தோரில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவளுடைய விண்ணப்பத்தில் அவசரத்துக்கு என்று லுணுகலையில் மாமா ஒருவர் வேலை செய்யும் கடையின் இலக்கம் இருந்தது. எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று நாலைந்து இலக்கத்தை அழுத்தியும் விட்டேன். பிறகு, மற்ற இருவருக்கும் எடுக்காமல் இவளுக்கு மட்டும் எடுத்தால் சரியில்லை என்று வைத்துவிட்டேன். மூன்று பேருக்குமே எடுத்திருக்கலாம். அது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு, அவள் பெயருக்கு நேரே ‘சமுகமளிக்கவில்லை’ என்று எழுதினேன். அக்கறையில்லாத பிள்ளை என்று மனதுக்குள் நினைத்தும்கொண்டேன்.

மார்ச் மாதம், பண்டாரவளையில் மகளை டொக்டரிடம் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். வளைவுகளில் அவள் விடாமல் வாந்தி எடுத்தாள். பயத்தில் ஹாலிஎலயில் இறங்கிவிட்டேன். கணவரைக் கூப்பிடப் பார்த்தால் போனில் காசு முடிந்திருந்தது. எதிரே இருந்த கொமியூனிகேஷன் கடைக்கு, ரீலோட் போட ஓடினேன். மேசைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றாள்.

“மிஸ், உள்ள வாங்க. பாப்பாவைக் குடுங்க.”

நான் கொடுத்தேன். சட்டையைக் கழற்றி, துடைத்து, தன்னுடைய சால்வையில் சுற்றி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பருக்கினாள். மகள் அழுகையை நிறுத்தி அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, அந்தப் பாப்பாங்களா இது?”

எனக்கு முகம் சூடாகியது. அந்தச் சூட்டோடு, ஆசிரியத்தனம் விடாமல் கேட்டேன். “நீர் ஏன் இரண்டாந்தரம் வரேல்லை? நான் கடிதம் போட்டனான்தானே.”

“வந்துச்சுங்க மிஸ். தைப்பொங்கலுக்கு மொத நாளு.”

அவள் சொல்லித்தான் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. லயத்துக்கு இலக்கம் கிடையாது. தபால்காரர் அங்கே ஏறுவதில்லை. எல்லாருடைய கடிதமும் ஒரே கட்டாகத் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆள் இல்லாவிட்டால் தெரிந்தவர் யாராவது வாங்கிக்கொண்டு போவார்கள். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இவளுடைய பெயரிலேயே ஒரு பெண் இருந்திருக்கிறாள். கடிதம் அவளுடைய காம்பராவுக்கு, அந்த லயத்து அறைக்கு, போய்விட்டது.

“அந்த அக்காவுக்கு இங்கிலீசு தெரியாதுல்லங்க. ஆபீசுக் கடுதாசின்னு கூரை மரத்துல சொருகிப் பத்திரமா வச்சிருக்காங்க, பொங்கலுக்கு வீடு கழுவுறப்பதான் எடுத்து எனக்குக் குடுத்தாங்க. நான் டெய்லி சாயந்தரம் ஆபீசுல போய்க் கேட்டேன் மிஸ். கிளாக்கரையா என்னையத் தூரத்துல பாத்தாலே இல்லன்னு கையை ஆட்டுவாரு.”

யாரோ ரீலோட் கேட்டு வந்தார். மகளை இடுப்பில் வைத்தபடியே, ஒரு கையால் இலக்கத்தைத் தட்டி அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“அந்த அப்ளிகேஷன் மட்டும் எங்க தோட்டத்துல ஓடியிருந்தா, மிஸ்ஸோட கடுதாசி நேரத்துக்குக் கெடைச்சிருக்கும்.”

குத்திக் காட்டத்தான் சொன்னாளா, சும்மா பகிடிக்குச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

அடுத்த நாளே நிறுவனப் பொறுப்பாளரிடம் போனேன். புள்ளிகள் எல்லாம் அனுப்பியாகிவிட்டது, அந்தப் பிள்ளை வேண்டுமானால் முதலிலிருந்து பதிந்து படிக்கட்டும் என்றார். “கடிதம் அனுப்பினதுக்குப் பதிவு இருக்குத்தானே மிஸ். எங்களில பிழை இல்லை.” அதைக் கேட்டதும் ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

இந்தத் தடவை கடிதம் எழுதவில்லை. ஹாலிஎலக் கடையின் பலகையில் பார்த்து வைத்திருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். திரும்பப் பதிவதற்கு நான் உதவுகிறேன், மறுக்காதேயும் என்றேன்.

“வேணாங்க மிஸ். ஒருவாட்டி வீட்டுல எல்லாரையும் சம்மதிக்க வச்சுப் படிக்க வந்துட்டேன். ஃபெயில்னு சொன்னதுக்கு அப்புறம் ரெண்டாவது வாட்டி கேக்க வாய் வரல” என்றாள். பிறகு, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு ஒருமுறை போனேன். வேறு ஒருவர் நின்றார். அவள் எங்கே போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

உமக்குத் தெரியாமல் நடந்ததுதானே, விடும் என்கிறார் கணவர். எனக்குத் தெரியாதுதான். ஆனால் அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவளுடைய தாள் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது, என் கையெழுத்தில் அந்த மூன்று சொற்களோடு. இப்போதும் வகுப்பில் ஒருவர் விளக்கி முடித்ததும் ‘அடுத்த ஆள்’ என்று கூப்பிட வாயெடுக்கிறேன், “இல்லங்க மிஸ், எங்களுக்கு...” என்று அன்று நான் பாதியில் நிறுத்திய குரல் அந்த இடத்தில் வந்து நிற்கிறது. மிச்சத்தைக் கேட்க எனக்கு இரண்டு நிமிடம்தான் தேவைப்பட்டிருக்கும்.