மச்சான் அவிழ்த்த கயிறு

மச்சான் வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இடது கையால் பனிக்கோடாரியைச் சரிவில் ஆழமாகக் குத்திப் பிடித்திருந்தார். வெறும் விரல்களால் தன் இடுப்புப் பட்டையில் இருந்த முடிச்சைத் தடவினார். இறுகிப்போன முடிச்சு, அவிழக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நான் அவருக்குப் பத்து மீட்டர் கீழே, அதே கயிற்றின் மறுமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறார் என்று முதலில் புரியவில்லை. புரிந்தபோது நம்ப முடியவில்லை. "மாப்பள, கயித்தை அவுத்துக்கறனுங்க," என்றார். அந்த இடத்திலும் அந்த 'ங்க'வை விடவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதலில் எழும்போது சொல்லிக்கொள்வாரே, அப்படிச் சொன்னார். கயிற்றின் நுனி பனியில் சறுக்கி வந்து என்னைத் தாண்டிக் கீழே தொங்கியது. பிறகு மெல்ல இறங்கி என் பக்கத்தில் வந்தார். தைரியம் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். என் முடிச்சையும் அவரே அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மச்சான் என்பவர் என் அக்காவின் கணவர். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எனக்குக் காந்திபுரத்தில் செல்போன் உதிரிப் பொருள் கடை. அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், ஆனாலும் கல்யாணமான நாள்முதல் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசுவார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டுப் பையன் எதைக் கேட்டாலும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம். இந்த நல்ல பழக்கம் மலைமேல் எங்களை என்ன பாடு படுத்தும் என்று அப்போது தெரியாது.

கோயமுத்தூரில் மலை ஏறுவது என்றால் ஏழு மலை தாண்டிப் போகும் வெள்ளியங்கிரிதான். நாங்கள் இமயமலைக்குப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, அங்கே எத்தனை மலை ஏற வேண்டும் என்பது. நானும் மச்சானும் வெள்ளியங்கிரியை வருஷம் தவறாமல் ஏறியவர்கள்தான். மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு, வழிநெடுக முன்னும் பின்னும் ஆள் இருக்க, பொறுமையாக ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்து, சூடம் ஏற்றிவிட்டு இறங்கலாம். அவினாசி ரோட்டுப் பக்கம் உள்ள செயற்கைச் சுவரிலும் ஏறிப் பழகினோம். அங்கே கை நழுவினால் கயிறு அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும், கீழே மெத்தையும் இருக்கும். பாறை ஏறுபவர்களும் அப்படித்தான், பாறையில் அடித்த இரும்பில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார்கள். பெரிய கூட்டமாகச் சிகரம் ஏறுகிறவர்களுக்கு வேறு யாரோ முன்னமே போய் மலை நெடுகக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள்.

நாங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு போனது இது எதுவும் இல்லாத ஆல்பைன் ஏற்றத்துக்கு. இரண்டே பேர், முதுகில் தூக்க முடிந்ததுதான் சாமான், கட்டிவைத்த கயிறு கிடையாது, சுமக்க ஆள் கிடையாது. அங்கே வேகம்தான் பாதுகாப்பு. பனி இறுகிக் கிடக்கும்போதே ஏறி, வெயில் அதை இளக்குவதற்குள் இறங்கிவிட வேண்டும். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். எதிலும் மாட்டாமல் இரண்டு பேர் இடுப்பில் மட்டும் கட்டிய கயிறு எல்லா நேரமும் காப்பாற்றாது. செங்குத்தான பனியில் ஒருவர் விழுந்து, மற்றவரால் தாங்க முடியாமல் போனால், அந்தக் கயிறு இரண்டாவது ஆளையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். நிறுத்தி நிதானமாகப் பனியில் முளை அடித்து மாட்டிக்கொள்ள நேரம் இருந்தால் கயிறு. நேரம் இல்லாவிட்டால் அவிழ்த்துவிட்டுத் தனித்தனியாக இறங்க வேண்டும். இதை நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். வீட்டில் அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே கயிற்றில் போகிறோம் என்று மட்டும் சொன்னேன், அவள் நிம்மதியாக விட்டாள்.

கூடாரத்திலிருந்து இருட்டில் கிளம்பி, சூரியன் வருவதற்குள் உச்சிக்குப் போய்விட்டோம். தொட்டதும் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் நான் வெள்ளியங்கிரிக்காரன். உதயம் பார்க்காமல் எப்படி இறங்குவது? பார்த்தோம். அதோடு விட்டேனா, பாக்கெட்டிலிருந்து சூடத்தை எடுத்தேன். காற்றில் தீக்குச்சி ஒன்றுகூட நிற்கவில்லை. மச்சானைக் குனிந்து மறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெட்டி காலியாகும்வரை கிழித்துக்கொண்டே இருந்தேன். அவர் கிழக்கே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கிளம்பலாம் என்று மட்டும் சொல்லவில்லை. சூடம் கடைசிவரை பற்றவே இல்லை. முக்கால் மணி நேரம் போனதுதான் மிச்சம்.

இறங்கும்போது சரிவில் வெயில் விழுந்துவிட்டது. பூட்ஸுக்கு அடியில் மாட்டிய இரும்பு முட்களில் ஈரப் பனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. நாலு எட்டுக்கு ஒருமுறை கோடாரியால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் நான் தட்டவில்லை. கால் வாரியது. வயிறு பனியில் உரச நான் கீழே போனேன், கயிறு விறைத்தது, மேலே மச்சான் முழங்காலில் விழுந்து கோடாரிமேல் உடம்பைப் போட்டு எப்படியோ நிறுத்தினார். அவரையும் இரண்டடி இழுத்துவிட்டேன். எனக்குக் கீழே சரிவு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். முட்களைத் தட்டினேன், ஆனாலும் கால் பனியில் சரியாகப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு கயிறளவு தூரம்கூட இறங்கியிருக்க மாட்டோம், மச்சான் நின்று கையுறையைக் கழற்றினார்.

அதன்பின் இரண்டு மணி நேரம் தனியாக இறங்கினேன். மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரு கால், ஒரு கோடாரி, இன்னொரு கால். அவர் எனக்குக் கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் இறங்கினார். கை நீட்டினால் எட்டாத தூரம். அக்காவின் கணவர் என்னைக் கழற்றிவிட்டார் என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் ஓடியது. அழுகை வந்தது, அழுதால் கண்ணாடி மங்கும் என்று அதையும் அடக்கினேன். கூடாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் எனக்குச் சூப் வைத்துக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் அந்த நிகழ்ச்சிக்கு நான் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தேன். அவர் எனக்கு மேலே இருந்தார், அவர் விழுந்தால் நானும் போயிருப்பேன், அதனால் என்னைக் காப்பாற்றத்தான் அவிழ்த்தார். கச்சிதமாக இருந்தது. அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பார்த்த பிறகு அந்தக் கதையை என்னால் நிறுத்த முடியவில்லை. சீர், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்வேன். நான் ஆரம்பித்ததும் மச்சான் தண்ணீர் குடிக்கவோ செருப்பைத் தேடவோ எழுந்து போய்விடுவார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மண்டபம். முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்தபோது, சம்பந்தி எப்படிப்பட்டவர் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். கேட்டவர்கள் மச்சானைக் கும்பிடாத குறை. கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அழைத்துப்போனார். பட்டு வேட்டி ஈரமாகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை.

"இனிமே அந்தக் கதையச் சொல்லாதீங்க மாப்பள."

"ஏனுங்க மச்சான்?"

"உங்களக் காப்பாத்தோணும்னு அவுக்கலீங்க. இன்னொருக்கா நீங்க வழுக்குனா என்னால தாங்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. நான் பொழைக்கோணும்னுதான் அவுத்துப்போட்டேன். உங்கக்காவக்கூட நெனைக்கலீங்க. நீங்க அந்தக் கதையச் சொல்றப்பெல்லாம் எனக்குச் செத்துப்போலாம்னு இருக்குது."

எட்டு வருஷமாகத் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஆள் தன் வாயாலேயே இல்லை என்கிறார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. எந்தக் காரணத்துக்காக அவிழ்த்தால் என்ன, அவிழ்த்ததால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். மலைக்கு மனசு முக்கியம் இல்லை, முடிச்சு இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். இதைச் சொல்லி அவரைத் தேற்றிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் தோளைப் பிடித்துக்கொள்ள வருபவர்போல அவர் கிட்டத்தில் வந்தார். அவ்வளவு உண்மையைச் சொன்னவரிடம் நான் மட்டும் பெரிய மனுஷனாக நிற்பது அசிங்கமாகத் தோன்றியது. இதுவரை யாரிடமும், எனக்கு நானேகூட, சொல்லிக்கொள்ளாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

"கயித்த அவுக்கோணும்ங்கற அந்த விதி எனக்கும் தெரியுமுங்க மச்சான். எந்திரிச்சு நின்னப்பவே மறுக்கா வழுக்குவேன்னு தெரியும். தெரிஞ்சுந்தான் முடிச்சத் தொடாம நின்னேன். தனியா விழுகறதுக்குப் பயமா இருந்துச்சு. விழுந்தா நீங்களும் கூட வருவீங்கன்னு இருந்துச்சு."

மச்சான் என் முகத்தையே பார்த்தார். உள்ளே யாரோ போட்டோவுக்கு நேரமாகிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். அவர் ஈரத் தரையில் காலை எடுத்து வைத்து, என்னிடமிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

பிறகு, "வாங்க மாப்பள, கூப்புடறாங்க," என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் இல்லை. அன்று பனியில் கயிற்றை அவிழ்த்ததை நான் என்றைக்கோ தாங்கிக்கொண்டுவிட்டேன். அந்த ஒரு அடியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.