ஸ்டாம்ப் இல்லாத கவர்

கல்யாணம் முடிந்து, திருத்தணிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பியபோது நைனா ஓர் ஏற்பாடு சொல்லி அனுப்பினார். மாதம் ஒருமுறை வெற்றுத்தாளைக் கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டாமல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பேரிங் கடிதத்துக்கு வாங்குகிறவர்தான் இரட்டிப்பாகக் கட்டவேண்டும். தபால்காரர் நீட்டும்போது நைனா என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திருப்பிவிடுவார். மகள் சௌக்கியம் என்று சல்லிக்காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். எங்கள் தெருவில் பாதிப்பேர் சர்க்காருக்கு இப்படித்தான் நாமம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் வீட்டில் ஸ்டாம்புக்குப் பஞ்சமில்லை. ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் யாருக்கு என்று எல்லைத் தகராறு நடந்த காலம். திருத்தணியும் திருப்பதியும் சேர்ந்திருந்த சித்தூர் ஜில்லாவைக் கூறுபோடக் கூடாதென்று அவர் டில்லிவரை மனு எழுதித் தள்ளினார். ஸ்டாம்பெல்லாம் தகரப்பெட்டியில், சாவி அவர் இடுப்பில். ஜில்லாவுக்கு ஒட்ட ஸ்டாம்ப் இருந்தது, மருமகளுக்குக் கிடையாது.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊருலக வழக்கம். மாமனார் முடியவே முடியாது என்றார். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டால் அவருடைய பேரன் அடுத்த ராஜ்யத்துக்காரனாகப் பிறந்துவிடுவானாம். திருமலையில் வேலை பார்த்த என் கணவர் எப்போதாவது இறங்கி வருவார், அப்பாவுக்கு எதிரில் வாய் திறக்க மாட்டார். எனக்கு அந்த வீட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

நைனாவே வந்து கேட்டால் மாமனாரால் மறுக்க முடியாது. எட்டாம் மாதத்துக்குள் வந்து கூட்டிப்போகச் சொல்லி, மனுவுக்கு வாங்கிய தாள்களிலேயே நாலு பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி உள்ளே தலைப்பில் மாமனார் வீட்டு விலாசமும் எழுதினேன். கையில் காசில்லை, ஸ்டாம்பும் இல்லை. தண்ணீருக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டேன். இவ்வளவு கனமான கவரைப் பார்த்தால் நைனா பணம் கட்டி வாங்கிவிடுவார் என்று நம்பினேன். மேலே 'அவசரம்' என்று எழுதலாமென்ற புத்தி அன்றைக்கு வரவில்லை.

தெருமுனையில் தலை தெரியும்போதெல்லாம் நைனா என்று நினைத்தேன். அவர் வரவில்லை, கடிதம் வந்தது. யாரும் வாங்காத கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற ஆபீஸில், உள்ளே இருந்த விலாசத்தைக் கண்டு திருப்பி அனுப்பியிருந்தார்கள். விலாசமில்லாத வெற்றுத்தாள்களுக்கு அந்தக் கதி வந்ததே இல்லை. மாமனார்தான் பணம் கட்டி வாங்கினார். நாலு பக்கத்தையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டிருந்தா ஸ்டாம்ப் குடுத்திருக்க மாட்டேனாம்மா? பேரிங்ல போட்டு நம்ம மானத்தை வாங்கிட்டியே."

உள்ளே எழுதியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாம் மாதமும் தாண்டிவிட்டது.

பிள்ளை திருப்பதியில் பிறந்தான். மாமனார் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் எழுத, நைனா பிரசவ மருந்தோடு வந்து சேர்ந்தார். மாமியார் கஷாயத்தோடு பக்கத்தில் நிற்க, நைனா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மாசாமாசம் உன் கவரு வந்துக்கினே இருந்திச்சும்மா. கடைசியா வந்தது நல்ல கனம். காயிதத்துக்குக்கூட கொறையில்லாத வூட்ல என் பொண்ணு வாயறான்னு தபால்காரனாண்ட சொல்லிக்கினே திருப்பிட்டேன்."

"ஆமா நைனா, நல்லாத்தான் கீறேன்" என்றேன்.