வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

என் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கி, உள்ளே இருந்த தண்ணீரை மணலில் ஊற்றினார் ஹாஜியார். ஊற்றிவிட்டு வெறும் போத்தலை என் ஸ்கூட்டியின் கூடைக்குள் எறிந்தார்.

"எங்கட கிணத்த அளக்கிறதுக்கு அகதிப் புள்ளைக்கு என்ன வேல?"

மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஸ்கூட்டியைத் திருப்பினேன். வேலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சண்டை பிடித்தால் அது போய்விடும் என்ற பயம்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகளை அளக்க எங்கள் நீர்வள அலுவலகம் என்னை நியமித்திருந்தது. மாதம் ஒருமுறை போய், நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துவர வேண்டும். அங்கே நிலம் முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடலோடு சேர்ந்த களப்பு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். மேலே போடுகிற உரமோ தடையில்லாமல் அதே தண்ணீருக்குள் இறங்கும். மழையும் முன்னைப்போல் நேரத்துக்குப் பெய்வதில்லை.

ஹாஜியார் அங்கே மாம்புரி ஊரில் பெரிய தோட்டக்காரர். அவருடைய கோபத்தின் காரணம் எனக்கு விளங்கியது. கிணறு கெட்டது என்று வெளியே தெரிந்தால் காணியின் விலை விழும். உரத்தைக் குறை, மோட்டர் போடுவதைக் குறை என்று ஆட்கள் வருவார்கள். ஆனால் 'அகதி' என்றதை என்னால் விழுங்க முடியவில்லை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் விரட்டியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது நான் சின்னப் பிள்ளை. முதல் நாட்களில் இந்த ஊர்க்காரர்கள்தான் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். நாங்கள் திரும்பிப் போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகு கிணற்றடியில் முகங்கள் மாறின. வரிசையில் நின்ற என் உம்மாவின் குடத்தை ஒருத்தி காலால் தள்ளிவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஹாஜியாரின் கேற்றைத் தாண்டி வெளியே வந்ததும், அடுத்த மாதம் திரும்ப வரவேண்டிய நாளைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கேற் பூட்டியிருந்தது. திரும்பிப் போகப் பார்த்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ஹாஜியாரின் மனைவி. சிரிப்பில்லாத முகம்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுக நேரம் வாங்க. ஆம்புளையள் ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க. கெதியா எடுத்துட்டுப் போயிடணும்."

"சரி ராத்தா," என்றேன்.

"ஒங்களுக்காக இல்ல. மகள்ட புள்ளைக்கு இந்தத் தண்ணியிலதான் பால் கரைக்கிற. நல்லதா கூடாததா என்டு எனக்குச் சொல்லணும். அவ்வளவுதான்."

அந்த வெள்ளிக்கிழமை போய் எடுத்தேன். ஆய்வுகூட முடிவு வந்ததும் போய்ச் சொன்னேன். "ராத்தா, உப்பு இல்ல. ஆனா உரம் எறங்கியிரிக்கு. கைக்குழந்தைக்கு இது கூடாது. கொதிக்க வச்சாலும் போகாது."

"எங்கட புள்ளைக்கு என்ன குடுக்கணும் என்டு நீங்க படிச்சித் தரத் தேவல்ல," என்று வாளியை நிலத்தில் அடித்து வைத்தார்.

ஆனால் அதற்கடுத்த முறை போனபோது, கடையில் வாங்கிய பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் குசினி வாசலில் நின்றன. நான் கிணற்றடிக்குப் போய் என் போத்தலை நிரப்பினேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்று ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. ஒரு நாளாவது அவர் எனக்கு உட்காரக் கதிரை தந்ததில்லை.

பிறகு பக்கத்துத் தென்னங்காணி விலைப்பட்டது. யுத்தத்துக்குப் பின் கடற்கரைக் காணி தேடி வந்த வெளியூர்க்காரர்கள் வாங்கி, தென்னைகளை விழுத்தி ஹோட்டல் கட்டினார்கள். நீச்சல் தடாகத்துக்கும் புல்தரைக்குமாக ஆழக் குழாய்க்கிணறு அடித்து இரவு பகலாக இறைத்தார்கள். அந்த வருடம் மாரி மழையும் பிந்திவிட்டது. ஹாஜியாரின் கிணற்றில் உப்பு ஏறத் தொடங்கியது. மிளகாய் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முறைப்பாடு செய்ய, பிரதேச செயலகத்தில் விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

ஹோட்டல் மனேஜர் முதலில் எழும்பினார். "அது எப்பவும் உப்புக் கிணறுதான் சேர். கண்டபாட்டுக்கு இறைச்சு அவங்களே கெடுத்துட்டு, பழியை எங்களில போடுறாங்க."

விசாரித்த அதிகாரி சுற்றிவரப் பார்த்தார். "ஹோட்டல் வாறதுக்கு முன்னம் தண்ணி எப்படி இருந்தது என்று யாராவது அளந்து பார்த்தீங்களா?"

"நான் அளந்திருக்கிறேன்," என்று எழும்பினேன். "ஒவ்வொரு மாதமும். ஹாஜியார்ட கிணத்துல அப்ப உப்பு இருக்கல்ல. உரம் மட்டும்தான் இருந்தது."

ஹாஜியார் பாய்ந்து எழும்பினார். "பொய்! நான் வெரட்டிவிட்ட ஆள் இவ. அதுக்குப் பொறகு என்ட வளவுக்குள்ள வந்ததே இல்ல!"

மனேஜர் சிரித்தார். "பாருங்க சேர், கிணத்துக்காரரே சொல்றாரு."

"எப்ப எடுத்தீங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமைகள்ல. ஜும்ஆ நேரம்."

வேறொன்றும் நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஹாஜியாரின் முகம் வெளிறியது. பொய் என்று நின்றால் கிணறு போகும். உண்மை என்றால், தன் வீட்டில் தன் சொல் நடக்கவில்லை என்று இத்தனை பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் தவிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஓம். மறந்துட்டன். நான்தான் வரச் சொன்ன," என்றார்.

குழாய்க்கிணற்றை மூடச் சொல்லி அங்கேயே உத்தரவு வந்தது. தோட்டக்காரர்களும் உரத்தையும் இறைப்பதையும் குறைக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது. வெளியே வராந்தாவில் ஹாஜியார் என்னை மறித்தார்.

"களவா என்ட வீட்டுக்குள்ள பூந்துட்டு, அதுக்கு நன்றி சொல்லுவன் என்டு நினைக்காதீங்க."

"நான் கேக்கல்ல. உரம் குறையுதா என்டு பாக்க இனி எந்த நாளும் வருவேன்."

காறித் துப்பிவிட்டு நடந்தார். பிறகு வந்த மழைக்காலங்களில் உப்பு கொஞ்சம் இறங்கியது, முழுதாக இல்லை. அவருடைய மனைவி இப்போது எனக்குக் கேற்றைத் திறந்துவிடுகிறார். "ஒங்களாலதான் அவர் என்னோட கதைக்கிறல்ல," என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு என்னோடும் கதைப்பதில்லை.

ஹோட்டலுக்குத் தண்ணீர் இப்போது பௌசர் லொறியில் போகிறது. விசாரித்துப் பார்த்தால், எங்கள் அகதிக் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள கிணற்றிலிருந்து. விற்பவர் மன்னாரிலிருந்து எங்களோடு ஒரே வள்ளத்தில் வந்தவர். அதையும் அளக்க அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அவர் கிணற்றுக்கட்டில் என்னை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊர்க்காரன் நம்மள வெரட்டினது போதாதென்டு, நீயும் எங்கட வயித்துல அடிக்க வந்திட்டியா?"

"எழும்புங்க மாமா."

எழும்பவில்லை. நானும் போகவில்லை. பௌசர் வந்து ஹோர்ன் அடித்ததும் அதில் குழாயைப் பொருத்த எழும்பிப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கினேன்.