மரகதம் அக்கா எடுக்காத பை

நம் பிளாட்டின் வாட்ஸ்அப் குழுவில், குழாயில் தண்ணீர் வராது என்ற அறிவிப்புக்கும் யாரோ காரைக் குறுக்கே நிறுத்திவிட்டார் என்ற புகாருக்கும் நடுவில் அந்தச் செய்தி வந்தது: "ஏழாவது மாடி மரகதம் அக்கா காலையில் தவறிவிட்டார்." கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. பத்து நிமிடத்தில் பேச்சு மறுபடியும் காருக்குப் போய்விட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவரைவிட மூத்தவனான நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் நம் பிளாட்டுக்கு அவர் குடிவந்தபோது, நம் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய காலி நிலம் குப்பைமேடாகக் கிடந்தது. உடைந்த நாற்காலி முதல் குழந்தைகளின் பேம்பர்ஸ் வரை மாடியிலிருந்தே விழும். அக்கா வீடு வீடாகச் சமையல் கழிவு வாங்கி, நீல டிரம்களில் மக்கவைத்து, அந்த மண்ணைத் தேற்றினார். கறிவேப்பிலை, சோற்றில் வாசனைக்குப் போடும் பாண்டான், பப்பாளி, நிழலுக்கு ஒரு வேம்பு. இன்று அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீர்களே, அது நம் வெங்காயத்தோலில் வளர்ந்த மரம்.

பாயான் பாரு பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைப் பிரித்துப் போடுவது அவருடைய வேலையாக இருந்தது. "ஃபேக்டரில ஒரு ஸ்க்ரூ தப்பான டப்பாவுல விழுந்தா லைனையே நிப்பாட்டுவாங்க லா. வீட்டுல மட்டும் எல்லாம் ஒரே பையா?" என்பார். சனிக்கிழமை காலையில் கதவு கதவாகத் தட்டுவார். கழுவாத பால் டின்னைக் கண்டால் திட்டுவார். பிறகு அவரே கழுவுவார். நாம் அவர் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் குப்பை மினிஸ்டர் என்றோம்.

குப்பையைப் பிரித்து வைப்பதற்காக நகராட்சி கொடுத்த 'பசுமைக் குடியிருப்பு' என்ற பலகை நம் வாசலுக்கு வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அதைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றவன் நான். அக்கா அப்போது டிரம்மைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, நாம் சாதாரணக் குப்பை, மறுசுழற்சிக்கானது என்று பிரித்து வைத்த இரண்டு பைகளையும் குப்பை அள்ள வந்தவர்கள் ஒரே லோரிக்குள் எறிவதைப் பார்த்தேன். ஓட்டுநரைக் கேட்டேன். மறுசுழற்சி லோரி பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்றார். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் மக்கள் பிரிப்பதை நிறுத்திவிடுவார்கள், பலகை போய்விடும். அவ்வளவுதான் என் கணக்கு.

இரண்டு மாதம் கழித்து அக்காவே பார்த்துவிட்டார். லோரிக்கு முன்னால் போய் நின்றார். ஓட்டுநர் என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். அக்கா, அங்கே நின்றிருந்த என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமாண்ணே?"

"தெரியாதுக்கா."

ஓட்டுநர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, காய்கறி வாங்கப் பாசாருக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் எல்லோருடைய மறுசுழற்சிப் பையையும் ஏற்றி, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த மறுசுழற்சி நிலையத்துக்கு அவரே இழுத்துப் போனார். என் வாசலில் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"உங்க பைய லோரியிலயே போட்டுடுங்கண்ணே. அது எங்க போவுதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே," என்றார். குரலில் கோபமே இல்லை. என் மனைவிக்குக் கறிவேப்பிலை கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் தண்ணீர் பாட்டில்களையும் சோற்றுப் பொட்டலங்களையும் மாலைகளையும் அந்த வேம்பின் அடியிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். பாட்டில்களுக்கு ஆர்டர் கொடுத்தவன் நான்.

மறுநாள் அவருடைய மகள் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "அம்மா குடுக்கச் சொன்னாங்களா?" என்று ஆசையோடு கேட்டேன். "இல்ல அங்கிள். எங்க வீட்டுல வைக்க இடமில்ல."

போன சனிக்கிழமை வராந்தாவில் மற்ற ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் பிரிக்காத ஒரே ஒரு பைதான் இருந்தது. என் வாசலில் மட்டும் இரண்டு. தள்ளுவண்டியை வெளியே எடுத்தேன். அவர் எடுக்க மறுத்த பையை அவருடைய வண்டியில் வைக்க எனக்குக் கை வரவில்லை. வண்டியை உள்ளே வைத்துவிட்டு, பையைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த நிலையத்துக்கு நடந்தேன்.