விழுந்த துளி

எழுபதுகளில் கல்கத்தாவில் என் பி.எஸ்ஸி. பிராக்டிகல் பரீட்சைக்கு வந்த எக்ஸாமினர், லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர். ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடியை ஓயாமல் துடைப்பார். மின்னேற்றம் பெற்ற எண்ணெய்த் துளி ஒன்றை, இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்புலத்தால் விழாமல் நிறுத்தியிருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "அசையாம நிக்கறதும்மா, ரீடிங் எடு" என்றார். அப்போதுதான் லோட் ஷெடிங் வந்து கரண்ட் போனது. துளி விழுந்துவிட்டது.

"நீங்களே பார்த்தேளே சார்?"

"பார்த்தேன். ரீடிங் இல்லாம மார்க் போட எனக்கு அதிகாரமில்லையேம்மா."

நேரம் முடிந்தும் அவர் போகவில்லை. கரண்ட் வருமென்று இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. வெற்றுத்தாளை வாங்கிக்கொண்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் நான் தேறவில்லை. அவர்மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை.