அன்றைக்கு எடுத்த அளவு

என் அக்காவைத் தெருவில் மிளகாய் என்பார்கள். முன்னால் நின்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. பள்ளிக்கூடத் தெரு முனையில் அவளுடைய தையல் கடை. ஒரு மேசையும் ஒரு மிஷினும் போட்டபின், ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே போக முடியும். பாதி ஊர்ப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் அங்கேதான் தயாராகிறது. அளவெடுக்கும்போது நெளிகிற பிள்ளைக்கு ஓர் அதட்டல். "இன்னைக்கே வேணும்" என்று வந்து நிற்கிற அப்பாவுக்கு அதைவிடப் பெரிய அதட்டல். சாமி கும்பிடுவதுகூட அவளுக்குச் சண்டை போடுகிற மாதிரிதான். சொன்ன வேலையை முடிக்காத ஆளை நிற்க வைத்துக் கேட்பதுபோல், பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பாள்.

வளரும் பிள்ளைகளுக்குத் தைப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கவுனின் கீழே நாலு விரல் துணியை உள்ளே மடித்துவிட்டுத் தைப்பார்கள். பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அக்கா இதை யாரும் கேட்காமலே செய்வாள்.

அவள் மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரித்துவிடும். இனிமேல் தள்ளிப்போட முடியாது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. டாக்டர்மேல் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையைப் படி ஏற முடியாமல் படைத்துவிட்டு, மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாரே, அவர்மேல்.

அத்தான் வாயில்லாப் பூச்சி. "எல்லாம் நல்லபடியா நடக்கும், கடவுள் பாத்துப்பார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நடக்கும்னு உங்ககிட்ட வந்து சொன்னாரா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் காதுபட அவர் அதைச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்குப் போனேன். அக்கா மகளை மேசைமேல் நிற்க வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். புது வகுப்புக்கு யூனிஃபார்ம். அத்தானின் தங்கை ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு அண்ணி இப்ப அவசரம்? ஆபரேஷன் முடியட்டுமே. அப்புறம் தச்சுக்கலாம்" என்றாள் அவள்.

டேப்பை இழுத்த அக்காவின் கை அப்படியே நின்றது. "என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத் தைக்கலாம்கிற. துணி வீணாயிடும்னு பயமா?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லல அண்ணி."

"சொல்லிட்ட. எழுந்திரு, போய் வாயைக் கழுவு."

அவள் செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

சாயங்காலத்துக்குள் அக்கா தைத்து முடித்துவிட்டாள். பிள்ளை போட்டுக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். கனகச்சிதம். கவுனின் ஓரத்தைச் சும்மா தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு விரல் துணிதான் மடிந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று பிள்ளை இறங்கிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் நாலு விரல் விடற. உன் பிள்ளைக்கு ஒரு விரலா? இவ வளரமாட்டான்னு நீயே முடிவு பண்ணிட்டியா? அந்தப் பொம்பளை வாயால சொன்னா. நீ கத்திரியால சொல்லிட்ட!"

டேப்பைச் சுழற்றி என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். சுரீரென்றது.

"வளர்ந்தா வேற தைப்பேன்டா! எனக்குக் கை இல்லையா?"

நான் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவள் கத்தினாள்.

"நாலு விரல் விடணும்னுதான் உக்காந்தேன். மடிச்சுப் பிடிச்சா, இதைப் பிரிக்கிற நாள் வருமா வருமான்னு கை நடுங்குது. ஒரு தையல் நேரா விழல. மிச்சத்தை வெட்டிப் போட்டேன். சாமிகிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு உங்க கையில இருக்கு, நீங்களே வச்சுக்குங்க. என்னை அதுல இழுக்காதீங்க. இன்னைக்கு என் பிள்ளையை என்கிட்ட குடுத்திருக்கீங்க. இன்னைக்கு இருக்கிற அளவுக்கு நான் தைக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை."

"அவர்மேல உனக்குக் கோபமே இல்லையாக்கா?"

"இல்லாம என்ன? தினமும் திட்டித் தீக்கிறேன். திட்டணும்னா எதிர்ல ஒரு ஆள் இருக்கணும்ல? இருக்கார். அதனாலதான் திட்டறேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ அவர்கூடப் பேசறதை நிறுத்திட்டு ஊரெல்லாம் குறை சொல்லிட்டு அலையற."

எனக்குக் கோபம் தணியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் அன்று காலையில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அத்தான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் நர்ஸிடம் ஒருமுறை, வாட்ச்மேனிடம் ஒருமுறை சண்டை போட்டேன். அக்கா யாரோடும் பேசவில்லை. கதவுக்கு நேர் எதிரே நின்று, உதட்டை அசைத்து, சாமியைத்தான் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னால் முறைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டே பேசினார்.

"ஆபரேஷன் முடிஞ்சது. இந்த நிமிஷம் பாப்பா நல்லா இருக்கா. ஆனா நாளைக்கு எப்படி இருப்பான்னு..."

ஒரு வார்த்தையாவது உறுதியாகச் சொல்லித் தொலையேன் என்று கத்த வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"நாளையப் பத்தி நான் கேட்டேனா டாக்டர்? இப்ப மூச்சு விடறா இல்ல? தள்ளுங்க, நான் பாக்கணும்."

டாக்டர் கதவிலிருந்து கையை எடுத்தார்.